நைட் ஷிஃப்ட் லைனில் பாட்டு வகுப்பு

பாட்டு ஆசிரியர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியில் பாட்டுக்கென்று தனி அறை இருக்காது. இருந்தால் அதில் கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருப்பார்கள். உங்கள் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்பார், கொடுக்காவிட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சுருதிப் பெட்டியைப் பூட்டி வைத்த பீரோவின் சாவி எப்போதும் விடுப்பில் போனவரிடம்தான் இருக்கும். இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று பயிற்சி வகுப்பில் பேசிக்கொள்ளலாம். நான் எழுத நினைப்பது வேறு. முப்பது பிள்ளைகள் மேடையில் நிற்கிறார்கள், நீங்கள் கையை உயர்த்துகிறீர்கள், அவர்கள் பாடவேண்டியபடி பாடவில்லை. யோசிக்க உங்களுக்கு இருப்பது ஒரு மூச்சு நேரம். அப்போது என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். இந்த ஆண்டுதான் பயிற்சிக்கு மாறி வந்திருக்கிறேன். பயிற்சி தருகிறவள் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இன்னும் முப்பத்துமூன்று முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். பட்டாபிராம் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். அப்பா அடுத்தவர் நிலத்தில் கீரை போட்டார், அம்மா அதை முகப்பேர் ஹவுசிங் போர்டு தெருக்களில் விற்றாள். தெருமுனையில் அவள் குரல் கொடுத்தால் நாலாவது மாடியிலிருந்து கூடை இறங்கும். அந்தக் குரல்தான் எனக்கு வந்திருக்கிறது. இசைக் கல்லூரி நேர்காணலில் ஒருவர், “இந்தப் பொண்ணுக்கு மைக் செலவு மிச்சம்” என்று சிரித்தார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டது அவர்களுடைய சத்தத்தில்.

எங்கள் பள்ளியில் பாடுவது என்றால் கத்துவது. காலை வழிபாட்டில் உடற்பயிற்சி ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, “சத்தம் பத்தல, சத்தம்!” என்பார். யாருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறதோ அவன் நன்றாகப் பாடுகிறான் என்று பொருள். அப்படி ஏழெட்டு ஆண்டு பழகிய பிள்ளைகளிடம் நான் போய், “இந்த வரியைத் தணித்துப் பாடு” என்றால் என்ன ஆகும்? தலையைக் குனிந்துகொண்டு முனகினார்கள். பள்ளிக்கூடத்தில் குரலைத் தணிப்பது திட்டு வாங்கும்போது மட்டும்தான் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. கத்தலும் முனகலும் தவிர மூன்றாவதாக ஒன்று இருப்பதை என்னால் புரியவைக்க முடியவில்லை. பாடிக் காட்டினேன். பஞ்சு, இறகு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “சரி மிஸ்” என்பார்கள், மறுபடியும் கத்துவார்கள்.

அந்த ஆண்டு விழாவுக்கு நானே ஒரு மழைப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தேன். தூறலில் தொடங்கிப் பெருமழையில் முடியும் பாட்டு.

மெல்ல மெல்லத் தூறுது
மேற்கு வானம் மாறுது

என்று ஆரம்பிக்கும். நான்கு சரணம் தாண்டி,

கொட்டு கொட்டு மழையே
ஏரி தளும்பக் கொட்டு

என்று முடியும். குரல் படிப்படியாக ஏறி, கடைசி வரியில் பந்தலே அதிர வேண்டும். பிள்ளைகளோ முதல் தூறலிலேயே ஏரியை உடைத்துவிட்டார்கள். கடைசி வரியின் மேல் அவர்களுக்கு அத்தனை ஆசை. அதற்காகத்தான் மற்ற வரிகளையே பொறுத்துக்கொண்டார்கள்.

அரையாண்டு விடுமுறை வந்தது. பயிற்சி விட்டுப்போகக் கூடாதே என்று, “தினமும் காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடிப் பழகுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். எந்த ஊர்ப் பாட்டு டீச்சரும் சொல்வதுதான். ஆனால் எஸ்டேட் பக்கத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பள்ளி திறந்த அன்று காலை கேட்டில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நீலச் சட்டை, கையில் டிபன் பை, சிவந்த கண்கள். முன்னால் நின்றவர் கேட்டார்.

“நீங்கதான் பாட்டு டீச்சரா?”

“ஆமாங்க.”

“நா ஏழாவது கௌசல்யா அப்பா, ஏழுமலை. நைட்டு முடிச்சிட்டு நேரா வந்துகீறேன். எங்க லைன் ஊட்டுப் பக்கம் பாட்டு வாணாம் டீச்சர். புள்ளைங்க பேர எட்த்துடுங்க.”

“என்ன ஆச்சுங்க?”

“இன்னா ஆச்சா? லீவு வுட்டதுலேர்ந்து தூக்கம் இல்ல. எட்டு மணிக்கு வந்து படுத்தா பத்து மணிக்கு ஆரம்பிக்குதுங்க. கொட்டு கொட்டுன்னு. தல மேலயே கொட்டுதுங்க.”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். ஏழுமலை திரும்பி, “சிரி மச்சான், சிரி. உனுக்கு பேக்கிங் வேல, தூங்கிகினே கூட பெட்டி ஒட்டுவ” என்றார். பிறகு தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன. அதைக் காட்டத்தான் நீட்டினார்.

“நா பிரஸ் ஓட்றவன். தகடு வைக்கணும், எடுக்கணும், வைக்கணும், எடுக்கணும். கண்ணு கொஞ்சம் சொருகிச்சுன்னா கை உள்ள பூடும். போன வாரம் சொருகிச்சு. பக்கத்து மெஷின்காரன் சட்டய புட்சி இஸ்தான், இல்லாங்காட்டி இந்தக் கைய இப்ப காட்ட முடியாது. படிச்சவங்க நீங்க, இதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும்?”

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. நான் கீரைக்காரி மகள், எனக்கா உழைப்பு தெரியாது என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த உழைப்பு பகலில் கத்துவது, இரவில் தூங்குவது. வெயிலில் தூங்கி எழுந்து இரும்பு முன்னால் நிற்கிறவரைப் பற்றி எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் பாட்டிலிருந்து விலகிவிட்டார்கள். எல்லாம் அந்த லைன் வீட்டுப் பிள்ளைகள். கௌசல்யாவும் போனாள். முதல் சரணத்தைத் தொடங்குவதே அவள்தான். போகும்போது அழவில்லை. “எங்கப்பா கை மிஸ்” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வகுப்பு வாசலில் நின்று மற்றவர்கள் பாடுவதைப் பார்த்தாள். நான் அன்றைய பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் தொழிற்சாலைச் சங்கு மாதிரி எல்லோரும் அசைவதை நிறுத்துவார்கள்.

“எதுக்கு தேவி இந்த வம்பு? அவங்களுக்குப் பதிலா வேற பிள்ளைங்கள நிறுத்து. இல்லன்னா ஒரு டிராக் பதிவு பண்ணிப் போட்டுடலாம். வாய அசைச்சா போதும். இப்ப எல்லா ஸ்கூல்லயும் அதுதான் பண்றாங்க.”

“அப்படின்னா பாட்டு டீச்சருக்குப் பதிலா ஒரு பென்டிரைவ் வேலைக்கு வெச்சுக்கலாமே மேடம்.”

“வாய் உனக்கு” என்றார். கோபம் இல்லை. “சரி, ஒரு வாரம். அதுக்குள்ள அவங்க வீட்ல சம்மதிச்சா பாடட்டும். சம்மதிக்கலன்னா நான் சொல்றபடி.”

சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் அந்த லைனுக்குப் போனேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு தெரு. நான் ஸ்கூட்டரைத் திருப்பியதுமே கௌசல்யா எங்கிருந்தோ ஓடிவந்து, என்னைக் கேட்காமலே சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள்.

“மிஸ், வண்டிய இங்கியே வுட்ருங்க. நடந்து வாங்க.”

சொன்னது உதட்டால். காற்றுதான் வந்தது, ஆனால் ஒரு எழுத்துகூட எனக்குத் தவறவில்லை.

லைன் வீடு என்றால் நடுவில் ஒரு நீளமான சந்து, இரண்டு பக்கமும் ஒற்றை அறைகள், கடைசியில் குழாயடி. சில கதவுகளின் மேல் ஆணியில் நீலச் சட்டை தொங்கியது. சட்டை தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அடையாளம். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் பாதிக் கதவுகளுக்கு மேல் சட்டை இருந்தது. அந்தச் சந்தில் ஒரு முழு நாள் நடந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பெண்கள் குழாயடியில் குடத்துக்குள் துணியை விட்டு அதன் வழியாகத் தண்ணீர் பிடித்தார்கள். கௌசல்யாவின் அம்மா அம்சா, குக்கர் விசில் வரப்போகும் நேரம் பார்த்து கரண்டியால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பிடித்தாள். பையன்கள் துணிப்பந்தில் கிரிக்கெட் விளையாடினார்கள். அவுட் கேட்பவன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி வாயைப் பிளந்தான், குரல் மட்டும் வரவில்லை.

அதில் ஒரு சண்டை வந்தது. பேட் பிடித்தவன் பிரவீன், பந்து போட்டவன் அவன் தம்பி. மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டார்கள்.

“அவுட்டுடா.”

“பேட்ல படல.”

“பொய் சொன்னா வாய் வெந்துடும்.”

“உனுக்கு மொதல்ல கண்ணு வேகும், சோடாபுட்டி. போய் ஆயாகிட்ட கண்ணாடி வாங்கிகினு வா.”

“பேட்ட குட்றா. அது மாமா எனுக்கு வாங்கினது.”

“மாமாவுக்கே குடுக்கறேன், உனுக்கு கெடயாது.”

இத்தனையும் கிசுகிசுப்பில். தூங்குகிற ஒருவர்கூடப் புரண்டு படுக்கவில்லை. ஆனால் அதில் கோபம் இருந்தது, நக்கல் இருந்தது, அழுகை வருவதற்கு முந்தைய நடுக்கம்கூட இருந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்தும் சுண்டிவிட்டது மாதிரி வந்து விழுந்தது. நான் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். கத்தலும் முனகலும் தவிர மூன்றாவதாக ஒன்றை வகுப்பில் நான் தேடிக்கொண்டிருந்தேன். அது இந்தச் சந்தில் கிரிக்கெட் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் கத்தக்கூடிய ஒரே இடம் அதுதான்.

பாட்டுப் பிள்ளைகளைக் குழாயடிக்குக் கூப்பிட்டேன். “ரெண்டு வரி பாடலாம். இப்போ பிரவீன் சண்டை போட்டானே, அந்த மாதிரி.”

அம்சா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “டீச்சர், சொல்றன்னு தப்பா எட்த்துக்காதீங்க. அவரு எழுந்தா நாந்தான் வாங்கிக் கட்டிக்கணும்.”

“எழுந்தா நான் வாங்கிக் கட்டிக்கறேன்கா.”

“உங்கள திட்ட மாட்டாரு. படிச்சவங்க. எல்லாத்தயும் சேத்து என்னியதான் திட்டுவாரு” என்றாள். ஆனால் நகரவில்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு பேரும் நெருங்கி நின்றார்கள். யாரும் என் கையைப் பார்க்கவில்லை, எல்லோருடைய கண்ணும் நீலச் சட்டைகளின் மேல் இருந்தது. கௌசல்யா தொடங்கினாள். “மெல்ல மெல்லத் தூறுது.” மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டேன். கத்தும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் குரல் மட்டும்தான் காதில் விழும். இங்கே பக்கத்தில் நிற்பவனுடைய மூச்சுகூட விழுந்தது. அதனால் அவர்கள் முதல் தடவையாகச் சேர்ந்து பாடினார்கள். ஒருவன் கொஞ்சம் தூக்கினால் மற்றவர்கள் கண்ணாலேயே அவனை இறக்கினார்கள். தூறல் நிஜமாகவே தூறலாக இருந்தது. அம்சா கையில் அரிசி களைந்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்ட மறந்து நின்றாள். உயரும் சரணம் வந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு ஏழுமலை எழுந்து வந்தார். பிள்ளைகள் ஐந்து தடவை பாடினார்கள் என்று அம்சா சொன்னதை அவர் நம்பவில்லை.

“டூப்பு வுடாத.”

“சத்தியமாப்பா” என்றாள் கௌசல்யா. “ஒரு வாட்டி நீ கொறட்ட கூட வுட்ட. பிரவீன் சிரிச்சிட்டான், அவன வெளிய அனுப்பிட்டோம்.”

நான் எழுந்து நின்று பேசினேன். “இனிமே இவங்க இங்கதான் பழகுவாங்க. நீங்க தூங்கற நேரத்துல, உங்க கதவு பக்கத்துல. ஒரு நாள் நீங்க எழுந்தீங்கன்னா அன்னையோட நிறுத்திடறேன். இவங்க பேரை நானே எடுத்துடறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு தபா எழுந்தாலும்?”

“ஒரு தடவை எழுந்தாலும்.”

“அப்புறம் புள்ள அழுவுதுன்னு வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் யோசித்தேன். நான் பந்தயம் வைத்தது என்னுடையதை அல்ல. ஒரு பக்கம் அவருடைய கை, இன்னொரு பக்கம் கௌசல்யாவின் பாட்டு. இரண்டும் பன்னிரண்டு பிள்ளைகளின் தொண்டையில் இருந்தன. இப்படி ஒரு முடிவை நீங்கள் எடுக்கவேண்டி வந்தால், முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். நான் வாக்குக் கொடுத்த பிறகுதான், அந்தச் சந்திலிருந்து கிளம்புமுன் கேட்டேன். “முடியும் மிஸ்” என்று பன்னிரண்டு பேரும் காற்றில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் அன்று இரவு தூங்கினேன்.

அடுத்த சனி, ஞாயிறுகளில் மற்ற பதினெட்டுப் பிள்ளைகளையும் அந்தச் சந்துக்கு அழைத்துப் போனேன். நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. லைன் பிள்ளைகள் வாத்தியார்கள் ஆகிவிட்டார்கள், என்னைவிடக் கொடுமையான வாத்தியார்கள். குரல் தூக்கியவனைத் தெருமுனையில் என் ஸ்கூட்டருக்குக் காவலாக அனுப்பினார்கள். ஒரு நாள் காஸ் போட வந்தவர் சிலிண்டரைச் சந்து வாசலில் டங்கென்று இறக்கினார். கதவைத் திறந்துகொண்டு ஏழுமலை, “யார்ரா அது?” என்று லுங்கியோடு வந்து நின்றார். முப்பது விரல்கள் சிலிண்டர்காரரைச் சுட்டிக் காட்டின. “நாங்க இல்லப்பா, அந்த அண்ணாத்தே” என்றாள் கௌசல்யா. ஏழுமலை எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “இது கணக்குல வராது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு சிலிண்டர்காரரைப் பிள்ளைகள் கிசுகிசுப்பில் திட்டிய திட்டை நான் எழுத முடியாது.

கடைசி வரியை மட்டும் பள்ளி மைதானத்தில் பழகினோம். அங்கே அவர்களை அவிழ்த்துவிட்டேன். நாள் முழுக்க அடக்கி வைத்த குரல் எல்லாம் அந்த வரியில் வந்து இறங்கியது. தூறலை ஒழுங்காகப் பாடக் கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பெருமழை உண்மையிலேயே பெருமழையாக இருந்தது. தலைமை ஆசிரியை அறையை விட்டு வெளியே வந்து கேட்டார். “இந்தக் கடைசி வரிதான் தேவி விழா. சீஃப் கெஸ்ட் அசந்துபோகணும்.”

ஆண்டு விழா சனிக்கிழமை காலை. சிறப்பு விருந்தினருக்கு மாலையில் வசதிப்படவில்லை. பத்து மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. ஏழுமலை ஷிஃப்ட் முடித்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார், நீலச் சட்டையோடு.

“ஊட்டுக்குப் போய் படுன்னு சொன்னேன் டீச்சர், கேக்கல” என்று அம்சா என்னிடம் முறையிட்டாள். “இன்னிக்கு நைட்டும் வேல கீது.”

“ஒரு பாட்டுதான” என்றார் அவர். “முழுசா நா கேட்டதே இல்ல. கேட்டுட்டுப் போய் படுத்துக்கறேன்.”

விருந்தினர் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. அதற்குப் பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. எங்கள் பாட்டு வந்தபோது வெயில் பந்தல் துணிக்குள் இறங்கிவிட்டது. முப்பது பிள்ளைகளையும் நிறுத்தி, பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நின்று கையை உயர்த்தினேன்.

கௌசல்யா தொடங்கினாள். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவது என் முதுகுக்குத் தெரிந்தது. இரண்டாவது சரணத்தில் கைக்குழந்தைகளின் சிணுங்கல் தவிர ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாவது சரணத்தில்தான் கவனித்தேன். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. கௌசல்யாவின் கண் என் தோளுக்கு மேலே எங்கோ நின்றிருந்தது. பிரவீனுடையதும் அங்கேதான். ஒருவர் பின் ஒருவராக லைன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் அங்கே பார்த்தார்கள், பிறகு மற்றவர்களும்.

நான்காவது சரணம். இங்கே ஏற வேண்டும். இரண்டு கையையும் உயர்த்தினேன். குரல் ஏறவில்லை.

முதலில் பயம். மறந்துவிட்டார்களா? மேடைக் கூச்சமா? கையை இன்னும் வேகமாக வீசினால் ஏறிவிடுவார்கள், அந்தக் கைக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள். விருந்தினர் காத்திருக்கிறார், தலைமை ஆசிரியை காத்திருக்கிறார். வீசியிருந்தால் நான் நினைத்த பாட்டு நினைத்தபடி முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் பாட்டை விட்டுவிடவில்லை. தாளம் சரியாக இருந்தது, சொல் சரியாக இருந்தது, மூச்சு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. மறந்த பிள்ளைகள் இப்படிப் பாட மாட்டார்கள். இவர்கள் எதையோ தெரிந்து செய்கிறார்கள். மேடையில் நிற்கும் ஆசிரியர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன், கையை அப்படியே வைத்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையில் ஏழுமலை. பிளாஸ்டிக் நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்சா, தட்டி எழுப்பலாமா வேண்டாமா என்று அவர் தோளுக்கு அருகில் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

நான் திரும்பி, உயர்த்திய கைகளை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

கௌசல்யாவின் முகம் மலர்ந்தது. கொட்டு கொட்டு மழையே என்று முப்பது பேரும் பாடினார்கள், ஓட்டின் மேல் பெய்து ஓய்கிற மழை மாதிரி. ஏரி தளும்பக் கொட்டு. அவர்கள் உயிரை விட்டு ஆசைப்பட்ட வரி. அதை அவர்கள் பாடியபோது பந்தலில் இருந்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்து தலையை நீட்டிக் கேட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர்கூட. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழப்போனது. லைன் பெண்கள் நான்கைந்து பேர் அவசரமாகத் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்கள். பந்தல் முழுக்க ஒன்றும் புரியாமல் கையை இறக்கிக்கொண்டது. நான் வாங்கிய கைதட்டல்கள் எனக்கு நினைவில்லை. வாங்காத அந்தக் கைதட்டல் நினைவிருக்கிறது.

மேடைக்குப் பின்னால் கௌசல்யா என் முன்னால் வந்து நின்றாள்.

“மிஸ், திட்டுவீங்களா? நீங்க கைய தூக்குனீங்க, நாங்க ஏத்தல.”

“நீதான் சொன்னியா எல்லார்கிட்டயும்?”

“யாரும் சொல்லல மிஸ். பாத்தோம், அவ்ளோதான்.”

“அப்பா கேக்காமலே தூங்கிட்டாரே. உனக்கு வருத்தமா இல்லையா?”

“இன்னா மிஸ் நீங்க, அவருக்கு நைட்டு வேல கீது” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தலைமை ஆசிரியை படியேறி வந்தார். “என்ன தேவி, கடைசி வரி அமுங்கிப்போச்சு?”

“மூணாவது வரிசையைப் பாருங்க மேடம்.”

எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர்களின் பக்கம் திரும்பினார். அடுத்து எட்டாம் வகுப்பின் குத்து நடனம். ஸ்பீக்கர்காரர் ஏற்கெனவே பாட்டைத் தயாராக வைத்து எங்களைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

“டான்ஸ் அப்புறம்” என்றார் தலைமை ஆசிரியை. “நான் முதல்ல ஆண்டறிக்கைய வாசிச்சுடறேன். அதுக்கு இதுவரைக்கும் யாரும் எழுந்ததில்ல.”

சிரிக்காமல் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, ஒரே சீராக, தாழ்ந்த குரலில் இருபது நிமிடம் வாசித்தார். கௌசல்யா மேடை ஓரத்தில் என் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, “மிஸ், எச்.எம். மேடம் எங்க லைனுக்கு வந்தா செட் ஆய்டுவாங்க” என்றாள்.

அறிக்கை முடிந்ததும் விருந்தினர் வரிசையில் கைதட்டினார்கள். அதில் ஏழுமலை விழித்துக்கொண்டார். மேடையைப் பார்த்தார், தலைமை ஆசிரியை நின்றிருந்தார். அம்சாவிடம் ஏதோ கேட்டார். அம்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவரும் எழுந்து மேடையோரம் வந்தார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“நா தூங்கசொல்லோ பாடி முட்சிட்டாங்களாமே?” என்றார்.

“ஆமாங்க.”

“முழுசாவா? அந்தக் கொட்டு கொட்டும் சேத்தா?”

“அதுவும் சேர்த்துதான்.”

மகளைப் பார்த்தார். கௌசல்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அப்ப அடுத்த வருசமும் பாடட்டும் டீச்சர்” என்றார்.